கேட்டால் கழற்றாத தொப்பி

தங்கராஜுவின் தலையில் தொப்பி ஏறிய நாளிலிருந்து சிராங்கூன் ரோட்டில் அவனைத் திரும்பிப் பார்க்காத ஆள் இல்லை. பழுப்பு நிறம், இரண்டு ஓரமும் மேலே வளைந்து உச்சியில் குழி விழுந்த கௌபாய் தொப்பி. அதற்குக் கீழே கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்தில் முடிச்சுப் போட்ட சிவப்புக் கைக்குட்டை, முரட்டு நீலத் துணியில் இறுக்கமான கால்சட்டை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெல்ட், அதன் முகப்பில் பித்தளையில் ஒரு மாட்டுத்தலை. காலில் கூர்முனை பூட்ஸ். சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தவன் வீட்டுக்குப் போக மறந்துவிட்டான் என்று முதல் வாரம் பார்த்தவர்கள் நினைத்தார்கள். இரண்டாவது வாரமும் அப்படியே வந்தபோது பைத்தியம் என்றார்கள். வருஷம் ஒன்று ஓடியபிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பி இல்லாமல் அவன் தெருவில் இறங்கினால்தான், வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தார்கள்.

சிங்கப்பூர் வெயிலுக்கும் அந்த உடுப்புக்கும் ஏழாம் பொருத்தம். கழுத்தெல்லாம் வேர்க்குரு பூத்தது. அவன் மனைவி கண்மணி சாயங்காலம் முதுகில் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டே திட்டுவாள்.

"அந்த ஊருக்காரன் குளிருக்குப் போடுறதை நீங்க புழுக்கத்துக்குப் போடுறீங்க லா. யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க."

"அழகுன்னா கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும்," என்பான் தங்கராஜு.

அவன் ஒரு சீனத் தௌக்கேயின், அதாவது முதலாளியின், கம்பெனியில் லாரி ஓட்டினான். ஆற்றங்கரைக் கிடங்குகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிற வேலை. "கௌபாய், குதிரை எங்கேடா?" என்று தேக்கா சந்தை வாசலில் நிற்கிற கூலிகள் தினமும் கேட்பார்கள். "மீன் வாடை பிடிக்காதுன்னு அந்தப் பக்கம் கட்டிப்போட்டிருக்கேன். ஆறு சக்கரம் அதுக்கு," என்று அவனும் தினமும் சொல்வான். அந்தப் பழைய கேலிக்கு இரண்டு தரப்பும் தினமும் புதிதாகச் சிரித்தார்கள்.

உடுப்பைவிட ஊரை மயக்கியது வேறொன்று. ஹேப்பி வேர்ல்டு கொட்டகையில் ஓடுகிற குதிரைச் சண்டைப் படம் ஒன்றுகூட அவன் விட்டதில்லை. மற்றவர்கள் துப்பாக்கியைப் பார்த்தார்கள். தங்கராஜு மரியாதையைப் பார்த்தான். பெண்பிள்ளை எதிரே வந்தால் தொப்பியின் விளிம்பைத் தொட வேண்டும். நின்று பேசினால் கழற்றி நெஞ்சருகே பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்தால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் வேதம்போலக் கற்று அப்படியே கடைப்பிடித்தான். மீன் விற்கிற சீனத்திக்குத் தொப்பியைத் தூக்கினான். இட்லிக்காரம்மாவுக்குத் தூக்கினான். கிடங்கு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் காவல்காரச் சீக்கியருக்கும் தூக்கினான். மாமியார் மருமகள் சண்டையில் முகம் வீங்கி வருகிறவள்கூட, அந்தத் தொப்பி எழும்பி இறங்குவதைப் பார்த்தால் லேசாகச் சிரித்துவிட்டுத்தான் போவாள்.

அந்தத் தொப்பியை அவனுக்குக் கொடுத்தவர் சேஞ்ச் ஆலியில் கடை வைத்திருந்த நாகூர்க்காரர் அப்துல் முத்தலிப். கப்பல்காரர்களுக்குச் சாமான் விற்பதும், அவர்கள் கொண்டுவருவதை வாங்குவதும் அவர் தொழில். அமெரிக்க மாலுமி ஒருவன் விட்டுச்சென்ற தொப்பி ஆறு மாதம் ஆணியில் தொங்கியது. ஒருநாள் மூட்டை இறக்க வந்த தங்கராஜு அதை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தான். பார்த்தவன் நகரவில்லை. "கண்ணாடி தேய்ஞ்சுடும் தம்பி, எடுத்துக்கிட்டுப் போ," என்றார் முத்தலிப்.

அதுவரை தங்கராஜு தலையில் எதுவும் வைத்தவன் இல்லை. அந்த வழக்கம் அவன் குடும்பத்துக்கு இல்லை என்று நாகரிகமாகச் சொல்லலாம். வைக்க விடவில்லை என்பதுதான் உண்மை. தஞ்சாவூர்ச் சீமையில் அய்யனார்குளம் என்கிற ஊரில், கீழச்சேரியில் பிறந்தவன் அவன். பண்ணைவீட்டு ஆள் யாரும் எதிரில் வந்தால் சேரிக்காரன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், செருப்பிருந்தால் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா சின்னான் ஒருநாள் வயல் வெயிலில் அவிழ்க்கத் தாமதித்தார். அவ்வளவுதான். அதற்கு அவரை மரத்தில் கட்டி அடித்ததைத் தங்கராஜு பார்த்தான். பதினேழு வயதில் கப்பல் ஏறியவன், அந்த ஊரை நினைத்து ஒருநாளும் கண் கலங்கியதில்லை. தொலைந்தது சனியன் என்றுதான் இருந்தான்.

ஆனால் சனியன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் மூன்று வருஷம் கணக்கெழுதிவிட்டு, ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதம் அவன் கம்பெனிக்கே பெரிய கிராணியாக வந்து சேர்ந்தது. பெயர் தனசேகரன். அய்யனார்குளம் பண்ணைவீட்டின் இளைய மகன்.

கிராணி என்றால் கணக்கப்பிள்ளைதான். ஆனாலும் தமிழ் ஆட்களைப் பொறுத்தவரை தௌக்கேயின் வாயும் காதும் கிராணிதான். வந்த முதல் நாளே தனசேகரன் ஒவ்வொருவரையும் மேசைக்கு முன் நிறுத்தி ஊர் விசாரித்தான். தங்கராஜு தொப்பியோடு வந்து நின்றான்.

"எந்த ஊரு?"

"அய்யனார்குளம், சார்."

தனசேகரன் பேனாவைக் கீழே வைத்தான். "யாரு மகன்?"

"சின்னான் மகன்."

"எந்தச் சின்னான்? கீழச்சேரிச் சின்னானா?"

"அதே சின்னான்தான், சார்."

தனசேகரன் நாற்காலியில் சாய்ந்து அவனைக் கால் பூட்ஸிலிருந்து தொப்பி உச்சிவரை அளந்தான். "நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுமே. புதுக் கிராணி."

"கழட்டுடா தொப்பியை."

அறையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராஜு கழற்றவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா தரை துடைக்கிற சீனக் கிழவி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரவேண்டும்? அவன் கை தன்னிச்சையாக எழும்பியது. தொப்பியைக் கழற்றி, நெஞ்சருகே பிடித்து, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். அவள் பல்லில்லாத வாயால் சிரித்துவிட்டுப் போனாள். தங்கராஜு தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டான்.

தனசேகரனுக்கு முகம் கறுத்துவிட்டது. "தரை துடைக்கிறவளுக்குக் கழட்டுறே. எனக்குக் கழட்டமாட்டியா?"

"அது நானாக் கழட்டினது, சார். நீங்க கேட்டுல்ல வாங்கப் பாக்குறீங்க."

அன்றைக்கு விஷயம் அதோடு நின்றது. ஆனால் கிராணிக்கு அவசரம் இல்லை. கத்தி அவன் கையில் இருந்தது. பழைய மண்டோர் ஈப்போவில் இருக்கும் மகன் வீட்டோடு போகப்போவதாகச் சொல்லிவிட்டார். லாரிகளையும் மூட்டை தூக்குகிறவர்களையும் மேய்க்கிற மேஸ்திரிக்கு அங்கே மண்டோர் என்று பெயர். அனுபவத்தில் அடுத்தவன் தங்கராஜுதான். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. கிராணி யார் பெயரைச் சொல்கிறாரோ அவன்தான் மண்டோர் என்று தௌக்கே சொல்லிவிட்டார். மண்டோருக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கம்பெனி அறை உண்டு. அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உண்டு. கண்மணிக்கு அப்போது ஏழு மாதம். ரௌவல் ரோட்டில் ஒரு வீட்டின் மாடியைப் பலகை வைத்துத் தடுத்த எட்டு அறைகளில் ஒன்றில் அவர்கள் இருந்தார்கள். கீழே இருக்கிற ஒரே குழாயில் வரிசை நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளியோடு அவள் படியேற வேண்டியிருந்தது.

தனசேகரன் அவனை மறுபடி கூப்பிட்டான்.

"மண்டோர் வேலை வேணுமா?"

"வேணும், சார்."

"திங்கட்கிழமை காலையில வா. தலையில ஒண்ணும் இல்லாம, இந்த மேசைக்கு முன்னாடி நின்னு, 'ஐயா, வேலை போட்டுக் குடுங்க'ன்னு கேளு. எல்லார் முன்னாடியும் கேக்கணும். போட்டுத் தரேன்."

"வேலையை நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சார். தொப்பி எதுவும் கேக்கலையே."

"திங்கட்கிழமை," என்றான் தனசேகரன்.

தங்கராஜு வெளியே வந்தான். வாயில் வந்த பதில் சுருக்கென்று இருந்தது உண்மை. ஆனால் பதிலைக் கொண்டுபோய்க் குழாயில் மாட்ட முடியுமா? லாரியை நேரே சேஞ்ச் ஆலிக்கு விட்டான்.

முத்தலிப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார். "நாங்க அல்லாவுக்கு முன்னாடி தலையில தொப்பி வைக்கிறோம். வெள்ளைக்காரன் அவன் சாமிக்கு முன்னாடி கழட்டுறான். வைக்கிறது மரியாதையா, கழட்டுறது மரியாதையான்னு உலகத்துக்கே இன்னும் முடிவாகல. உன் கிராணி முடிவு பண்ணிட்டானாக்கும்."

"என்ன பாய் பண்ணட்டும்?"

"புள்ளத்தாச்சிப் பொண்ணு தண்ணி தூக்குது. ஒரு நிமிஷம் கழட்டிட்டு, வெளிய வந்து மாட்டிக்கயேன். தொப்பியோட சேந்து தலையுமா வந்துடும்?"

"வந்துடும், பாய்," என்றான் தங்கராஜு.

முத்தலிப் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய இஞ்சித் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கண்மணியிடம் சொன்னான். அவள் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்; அய்யனார்குளத்தைக் கண்டதில்லை. பவுடர் டப்பாவை மூடிவைத்தாள்.

"எனக்குக் குழாய் வேணும். இல்லைன்னு சொன்னா பொய்," என்றாள். "ஆனா நீங்க அங்க தலையைக் குனிஞ்சு வாங்கிட்டு வந்தா, அந்தத் தண்ணியில நான் எப்படிங்க சோறாக்குறது? என்னைக் கேக்காதீங்க. தொப்பி உங்க தலையில இருக்கு. முடிவும் அந்தத் தலையிலதான் வரணும்."

முடிவு எங்கே வந்தது? ஒரு நினைப்பில் கழற்றினான், அடுத்த நினைப்பில் மாட்டினான். அப்பாவின் முதுகு ஒரு பக்கம், கண்மணியின் வயிறு ஒரு பக்கம். இரண்டு பக்கமும் இழுக்க, சனிக்கிழமை வந்துவிட்டது.

தனசேகரனின் மனைவி கமலா அந்த வாரம்தான் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருந்தாள். கல்யாணமான கையோடு அவளை அய்யனார்குளத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனவன், இப்போதுதான் ஓவன் ரோட்டில் மாடிவீடு பிடித்து வரவழைத்திருந்தான். ஆளைத் துறைமுகத்திலிருந்து டாக்ஸியில் கூட்டிப்போய்விட்டான். சாமான்கள் சுங்கத்தில் நின்றன. சனிக்கிழமை காலை அவை வெளியே வந்தபோது, சும்மா இருந்தது தங்கராஜுவின் லாரி மட்டும்தான்.

"சாமானை ஆட்கள் மேலே தூக்கி வைக்கட்டும்," என்று தனசேகரன் லாரி ஆட்களிடம் உரக்கச் சொன்னான். "டிரைவர் வண்டியை விட்டு எறங்க வேணாம்." அரைநாள் வேலை பாக்கி இருந்ததால் அவன் ஆபீசிலேயே தங்கிவிட்டான்.

தங்கராஜு இறங்காமல்தான் இருந்தான். ஆனால் கமலா தகரப்பெட்டிகளோடு விட்டிருக்கலாம். சிங்கப்பூரில் கல் கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு முழு ஆட்டுக்கல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தாள். அந்தச் செங்குத்தான மரப்படியில் இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தால்தான் ஆட்டுக்கல் ஏறும். குழவியைப் பிடிக்க மூன்றாவது ஆள் இல்லாததால் அதையும் குழியிலேயே வைத்துத் தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவன், "அண்ணே, கை வழுக்குது, குழவியை வாங்கிக்குங்க!" என்று கத்தினான். கல்லுக்குக் கிராணி உத்தரவு தெரியுமா? தங்கராஜு குதித்து ஓடிக் குழவியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் படியேறினான்.

கதவைத் திறந்த கமலா திகைத்துப் போனாள். அவள் அறிந்தவரை தொப்பி வைக்கிறவர்கள் மூன்றே பேர்: கலெக்டர், போலீஸ் பெரிய அதிகாரி, தோட்டத்துத் துரை. புருஷன் எழுதிய கடிதத்தில், எங்கள் முதலாளி தங்கமானவர், ஆட்களோடு ஆளாக நின்று வேலை பார்ப்பார் என்று படித்திருந்தாள். முதலாளி சீனர் என்று அவன் எழுதியிருக்கவில்லை. இதோ, பூட்ஸும் பெல்ட்டுமாக, தோளில் குழவிக்கல்லைச் சுமந்துகொண்டு முதலாளியே வந்து நிற்கிறார். அவர் குழவியைச் சுவரோரம் மெல்ல இறக்கி வைத்தார். நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சருகே பிடித்து, "வணக்கம்மா," என்றார். பிறந்ததிலிருந்து அவளுக்கு எந்த ஆண்பிள்ளையும் அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

"ஐயோ, நீங்க போய்க் கல்லைத் தூக்கலாமா? உள்ள வாங்க. உக்காருங்க ஐயா." முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். "ஒரு வாய் காப்பி குடிக்காம போகக்கூடாது. இந்த வீட்டுக்கு முதமுதல்ல வந்திருக்கீங்க."

"வேலை கிடக்கும்மா..."

"ஒரு நிமிஷம்தான்!"

ஆட்கள் ஆட்டுக்கல்லை அடுப்படியில் இறக்கிவிட்டு, மிச்சப் பெட்டிகளை எடுக்கக் கீழே ஓடினார்கள். தங்கராஜு உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். யாரோ என்று நினைத்து இவள் உபசரிக்கிறாள் என்பது அவனுக்குப் புரியாமல் இல்லை. எழுந்து போய்விடலாம். போனால் அவமரியாதை. யோசித்து முடிப்பதற்குள் அவள் ஒரு பெட்டியைத் திறந்து, வைக்கோல் சுற்றிய பித்தளை டம்ளரையும் டபராவையும் எடுத்துக் கழுவி, ஆவி பறக்கக் காப்பியோடு வந்துவிட்டாள். டம்ளரின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அய்யனார்குளம் பண்ணை.

தங்கராஜுவின் அம்மா அந்தப் பண்ணையில் இருபது வருஷம் நெல் அடித்தவள். தாகம் என்று போய் நின்றால் கொல்லைப்புறத்தில் கையை ஏந்தச் சொல்லி, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். டம்ளர் என்ன நிறம் என்றுகூட அவள் பார்த்ததில்லை. இப்போது அதே டம்ளர் மகனின் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. பேசாமல் குடித்துவிட்டுப் போயிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வேறு எவனோ என்று நினைத்துக் கொடுத்த காப்பியைக் குடித்தால், அது அந்த எவனோ குடித்ததாகத்தானே ஆகும்? தங்கராஜுவுக்கு அது பிடிக்கவில்லை.

"அம்மா, குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் முதலாளி இல்ல. லாரி டிரைவர். உங்க ஊர்தான், அய்யனார்குளம். கீழச்சேரி. சின்னான் மகன் தங்கராஜு."

கமலாவின் கை வாயைப் பொத்தியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தனசேகரன் நின்றுகொண்டிருந்தான். அரைநாள் வேலை முடிந்து, படியேறி, எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"கீழ வைடா அதை," என்றான். "யாரு வீட்டு டம்ளர்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும், சார். படிச்சுப் பாத்துட்டேன்."

"வைடான்னா!"

தங்கராஜு வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. பயமா என்று கேட்டால், இருந்தது. திங்கட்கிழமை வரைக்கும்கூட இனிக் காத்திருக்க வேண்டாம். மண்டோர் வேலையோடு லாரியும் போய்விடும் என்று தெரிந்தது. வாளியோடு கண்மணி கண்முன் வந்தாள். ஆனாலும் டம்ளரை விட்டுவிட அவன் விரல்கள் ஒப்பவில்லை.

"நீங்க குடுக்கல, சார். அம்மா குடுத்தாங்க. வைக்கணும்னா அவங்க சொல்லட்டும், வச்சுடறேன்."

கீழே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். கமலா டம்ளரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பேச ஆரம்பித்தாள்.

"கப்பல்ல ஏழு நாள் எனக்கு வாந்திங்க. எழுந்திரிக்க முடியல. யாரோ ஒரு பொம்பளை என் தலையை மடியில வச்சு, அவ குவளையிலதான் தண்ணி குடுத்தா. அவ இல்லாட்டி என்னைக் கடல்லதான் போட்டிருப்பாங்க. கரைக்கு விடுறதுக்கு முன்னாடி நோய் பாக்க ஒரு தீவுல எறக்கி, மருந்துத் தண்ணியில எல்லாரையும் ஒண்ணாக் குளிப்பாட்டினப்பதான் எந்தத் தெருன்னு கேட்டேன். சொன்னா." மூச்சு வாங்கினாள். "அப்ப நான் என்ன பண்ணணும்? குடிச்ச தண்ணியைத் துப்பவா? நேத்து உங்களுக்குச் சோறு போட்ட கைதாங்க இது. அவ குவளையைப் பிடிச்ச கையி."

தனசேகரன் அவள் கையைப் பார்த்தான்.

"அண்ணே, குடிங்க," என்றாள் கமலா தங்கராஜுவிடம். "ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது."

தங்கராஜு குடித்தான். ஊர்க் காப்பித்தூள், வழியெல்லாம் டப்பாவில் அடைத்து வந்தது. கொஞ்சம் உப்புக்காற்று ஏறியிருந்தது. டம்ளரை உதட்டில் வைத்தே குடித்தான், கடைசிச் சொட்டுவரை. அவனுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதற்குள் கமலா உள்ளே போய் இன்னொரு டம்ளரோடு வந்து, அடுத்த நாற்காலியின் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களும் உக்காந்து குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

தனசேகரன் நின்றான். படியில் பெட்டிகளோடு ஆட்கள் ஏறிவரும் சத்தம் கேட்டது. அவர்கள் வரும்போது நடு வீட்டில் தங்கராஜு நாற்காலியிலும் தான் நின்றுகொண்டும் இருக்கிற காட்சி அவனுக்கே சகிக்கவில்லை போலும். உட்கார்ந்தான். டம்ளரை எடுத்தான்.

உட்கார்ந்த பிறகு அவனுக்குள் இருந்த பழைய கிராணி கொஞ்சம் எட்டிப் பார்த்தான். "தொப்பியை..." என்று ஆரம்பித்தான். அது மடியில் இருந்தது. கழற்றச் சொல்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"வரும்போதே கழட்டிட்டேன், சார். அம்மா கதவைத் திறந்தப்போ."

தங்கராஜு எழுந்தான். தொப்பியின் உச்சிக் குழியை விரலால் சரிசெய்து, தனசேகரன் பார்த்துக்கொண்டிருக்கவே, அவசரப்படாமல் தலையில் வைத்தான். வளைந்த ஓரங்கள் இரண்டையும் நீவிவிட்டுக்கொண்டான். அப்பா அவிழ்த்த துண்டுகளுக்கெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டது போலிருந்தது அவனுக்கு.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேலைக்கு வரேன், சார். மண்டோராவா, டிரைவராவா, இல்ல கணக்கை முடிச்சுக்கவா, அது உங்க இஷ்டம். இது தலையில இருக்கும்."

தனசேகரன் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். கமலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் தன்னைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது என்று மூன்று வருஷம் அவளுக்குக் கடிதம் எழுதிய மனிதன் அவன்.

"மண்டோராவே வா," என்றான்.

"சந்தோஷம், சார்."

அவ்வளவுதான் கிராணிக்குக் கிடைத்தது. தங்கராஜு கமலாவின் பக்கம் திரும்பினான். இப்போதுதான் வைத்த தொப்பியை மறுபடி முழுசாகக் கழற்றி, நெஞ்சில் வைத்து, அவன் அப்பாகூட யார் முன்னாலும் விரும்பிக் குனிந்திராத அளவுக்குக் குனிந்தான். "வரேன்மா," என்றான். "வீட்ல மாசமா இருக்கா. ஒருநாள் கூட்டிக்கிட்டு வரேன்."

"கட்டாயம் வாங்கண்ணே," என்றாள் கமலா. நாற்காலியில் இருந்தவன் காப்பியை ஒரு வாய் குடித்தான்.